‘வண்டி ரிப்பேரா?’: புதுச்சேரி சாலைகளைத் திட்டமிடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் முருங்கப்பாக்கத்தில் குடியிருக்கிறேன். வயது 56. நகருக்குள் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. தினமும் சைக்கிளில்தான் போய் வருகிறேன். போக நாலு கிலோமீட்டர், வர நாலு. இதைச் சாதனை என்று சொல்ல வரவில்லை. என் அப்பா காலத்தில் இப்படிப் போகிறவருக்குப் பெயர் ‘வேலைக்குப் போகிறவர்’, அவ்வளவுதான்.

சில மாதங்களுக்கு முன் போக்குவரத்து நெரிசல் பற்றி நடந்த ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் கடையில் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து எழுந்து சைக்கிளுக்கு ஒரு தடம் கேட்டேன். மேடையில் இருந்தவர் கோபப்படவில்லை. சிரித்த முகமாகவே சொன்னார்: “சார், தடம் போடுறது பெரிய விஷயமில்ல. முதல்ல ஜனங்க மனசு மாறணும். இன்னைக்கு யார் சார் சைக்கிள்ல போறாங்க?” பக்கத்தில் இருந்த இளைஞர் மைக்கை வாங்கி, இன்னும் பத்துப் பதினைந்து வருஷத்தில் கார்கள் தாமாகவே ஓடப்போகின்றன, அப்போது நெரிசலும் இருக்காது, விபத்தும் இருக்காது என்றார். கைதட்டினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். நல்ல பதில்கள் எனக்கு எப்போதும் வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் தோன்றும். அன்றும் மரப்பாலம் சந்திப்பைத் தாண்டும்போதுதான் தோன்றியது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்த ‘மனசு’ சமாச்சாரம். அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சைக்கிளைப் பற்றி ஜனங்களின் மனசு எப்படியெல்லாம் மாறியது என்பதைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவன் நான். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பெரிய சைக்கிள் பதினெட்டு, பிள்ளைகளுக்குச் சின்ன சைக்கிள் ஆறு. மணிக்கு ஐம்பது காசு. நோட்டில் பெயரும் நேரமும் எழுதிக்கொண்டு கொடுப்போம். கோடை விடுமுறை வந்தால் வாசலில் கூட்டம் தாங்காது. பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுப் பழகி, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்து, வளைந்த பெடல் சுவர்ப் பக்கம் இருக்கும்படி நிறுத்திவிட்டு ஓடிவிடுவார்கள். சொந்தச் சைக்கிள் வாங்கியவர் வீட்டில் அது திண்ணையில் நிற்காது, கூடத்தில் நிற்கும். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. மாப்பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுப்பது ஒரு சீர். ராத்திரியில் டைனமோ எரியாமல் போனாலோ, டபுள்ஸ் போனாலோ போலீஸ்காரர் நிறுத்திக் காற்றைப் பிடுங்கி விடுவார். தண்டனைதான். ஆனால் போலீஸ்காரர் கண்ணுக்குத் தெரிகிற ஒரு வண்டியாகவாவது அது இருந்தது.

உதிரிப் பாகம் வாங்க அப்பாவோடு புதுச்சேரிக்கு வருவேன். கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. மில்லில் சங்கு ஊதி ஷிஃப்ட் விடும் நேரத்தில் மாட்டிக்கொண்டால் பஸ் நகராது. சாலை முழுக்கச் சைக்கிள். மணிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அந்த மில்லையே 2020-ல் மூடிவிட்டார்கள். சைக்கிள்கள் அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டன. தவணையில் மொபெட் வந்தது, அப்புறம் ஸ்கூட்டி, அப்புறம் பைக். பெட்ரோல் வேறு இங்கே தமிழ்நாட்டைவிட விலை குறைவு. டேங்கை நிரப்புவதற்கென்றே கடலூரிலிருந்து வருகிறவர்கள் உண்டு. அப்பாவின் கடை செல்போன் ரீசார்ஜ் கடையாகி, இன்றைக்கு அதுவும் இல்லை. கடையில் கடைசியாக மிஞ்சிய கறுப்புச் சைக்கிளைத்தான் நான் ஓட்டுகிறேன்.

அதில் கல்யாணத்துக்குப் போனால் மண்டப வாசலிலேயே கேட்கிறார்கள், “என்ன மாமா, வண்டி ரிப்பேரா?” ஒருமுறை ஒரு மருத்துவமனைக்குப் போனேன். காரையும் பைக்கையும் உள்ளே விட்ட காவலாளி என்னை மட்டும் நிறுத்தி, “சைக்கிள வெளிய சுவரோரமா போட்டுட்டு வாங்க” என்றார். பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, அவரே சைக்கிளில்தான் வேலைக்கு வருகிறாராம். இன்னொரு பக்கம், ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கியர் சைக்கிளில் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கூட்டமாய்ப் போகிறவர்களை ஊர் மரியாதையோடு பார்க்கிறது. நல்லதுதான், அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அறுபதாயிரம் ரூபாய் சைக்கிளில் உடம்புக்காகப் போனால் ஆரோக்கியம், ஆறாயிரம் ரூபாய் சைக்கிளில் வேலைக்குப் போனால் கஷ்ட ஜீவனம் என்று ஆகிவிட்டதே, அதுதான் உறுத்துகிறது.

சரி, யார் போகிறார்கள் என்று கேட்டீர்களே. விடியற்காலை ஐந்தரைக்கு அரியாங்குப்பம் பாலத்தில் நின்று பாருங்கள். கொத்தனார், பெயின்டர், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், ஹோட்டல் பையன்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பாருங்கள், கேரியரில் டீ கேனைக் கட்டிக்கொண்டு ஒருவர் வருவார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்கு எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைகளில் இருப்பவர்களில் நாடு முழுவதும் சுமார் 13 விழுக்காட்டினர் சைக்கிள் என்றார்கள். இவர்கள் யாரும் உங்கள் கூட்டத்துக்கு வரவில்லை. வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் எப்படி வருவார்கள்?

இரண்டு வருஷத்துக்கு முன் மரப்பாலம் அருகே ஒரு டெம்போவின் பக்கக் கண்ணாடி என் ஹேண்டில்பாரில் தட்டியது. விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு விரிசல். தூக்கிவிட்டவர் நல்ல மனிதர், சோடா வாங்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, “இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் சைக்கிளு?” என்றார். டெம்போவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் அது நியாயமாகத்தான் பட்டது, தப்பு என்னுடையது போல.

கட்டுப் போட்டுக்கொண்டு ஆறு வாரம் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பெண் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். அரசு கொடுத்த சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் பூட்டியே கிடக்கிறது. அவள் அம்மா தினமும் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, அப்புறம் வேலைக்குக் கிளம்புகிறார். கௌரவம் பார்க்கிறாரோ என்று நினைத்துக் கேட்டேன். “நானே பத்தாவது வரைக்கும் சைக்கிள்ல போனவதாண்ணா. இந்த ரோட்டுல லாரிக்கு நடுவுல புள்ளைய எப்படி விடுறது?” என்றார்.

அதிலிருந்துதான் எனக்கு விஷயம் விளங்கியது. நீங்கள் ‘மனசு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதற்குள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கௌரவம், இன்னொன்று பயம். கௌரவத்தோடு நாங்களே மல்லுக்கட்டிக்கொள்கிறோம். மண்டப வாசலில் கேட்கிறவருக்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன். அந்த அம்மாவின் பயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அது உங்கள் அலுவலகத்து வரைபடத்தில்தான் இருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கில் பெண்கள் ஓட்டினார்கள், ஊர் முதலில் சிரித்தது, அப்புறம் பழகிக்கொண்டது. அங்கே சாலையை யாரும் மாற்றவில்லையே, மனசு தானே மாறியது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சாலைகளில் அன்றைக்கு ஓடிய வண்டிகள் எத்தனை? அங்கே தடையாக நின்றது கௌரவம், அதைப் பெண்களே உடைத்துவிட்டார்கள். கடலூர் சாலையில் தடையாக நிற்பது லாரி.

இன்னொன்று. 2019 பிப்ரவரியில் ஹெல்மெட் விஷயத்தில் இந்த ஊரில் ஒரு அரசியல் சண்டையே நடந்தது. 2025 ஜனவரியில் மறுபடியும் கட்டாயமாக்கினார்கள். மனசு முழுக்க மாறிவிட்டதா என்றால், பல பேருக்கு அது இன்னும் வண்டிக் கண்ணாடியில்தான் தொங்குகிறது. ஆனாலும் ஜனங்கள் மனசு மாறின பிறகு அபராதம் போட்டுக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லையே. அந்தப் பொறுமையெல்லாம் சைக்கிள் தடம் கேட்டால் மட்டும்தான் வருகிறது.

வெளியூர் உதாரணமே வேண்டாம். நம் கடற்கரைச் சாலையைப் பாருங்கள். மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. தெருமுனைக் கடையில் அரை லிட்டர் பால் வாங்க ஸ்கூட்டியை எடுக்கிற அதே ஆள், அங்கே பெண்டாட்டி பிள்ளைகளோடு இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்துகொண்டிருப்பார். யாரும் அவருக்கு விழிப்புணர்வு முகாம் நடத்தவில்லை. ஒரு தடுப்பை இழுத்துப் போட்டீர்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியைப் பாருங்கள். சந்தை போட்டால் வண்டி தானாக வேறு வழி பார்த்துக்கொள்கிறது, வியாபாரமும் படுத்துவிடவில்லை. சொல்லப்போனால் நெரிசலே அங்கே துணி வாங்குகிற கூட்டத்தால்தான்.

இங்கே உங்கள் தொழில் சம்பந்தமான ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். என் வேலை கணக்கு என்பதால் அது கண்ணில் பட்டது. சாலையில் போக்குவரத்தை அளக்கும்போது எல்லா வண்டியையும் காராக மாற்றிக் கணக்கிடுகிறீர்கள். சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்களில் உள்ள வழக்கமான கணக்கில் கார் 1, பஸ் 3, சைக்கிள் 0.5. சாலையைப் பொறுத்து எண் கொஞ்சம் மாறும். வண்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதற்கு இது சரியான கணக்குதான். ஆனால் ஐம்பது பேரை ஏற்றி வரும் பஸ், மூன்று பேர் மூன்று காரில் வருவதற்குச் சமமாக இந்தத் தாளில் பதிவாகிறது. உள்ளே எத்தனை பேர் என்ற கட்டமே தாளில் கிடையாது. வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதுதான் நோக்கம் என்று மத்திய அரசின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே சொல்லிவிட்டது. நோக்கம் ஒன்று, பேரேடு வேறொன்று. எங்கள் கடையில் இப்படி எழுதினால் ஆடிட்டர் திருப்பி அனுப்பிவிடுவார்.

அடுத்து, தானாக ஓடும் கார். அந்த இளைஞரைக் கேலி செய்ய மாட்டேன். அமெரிக்காவில் ஃபீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ போன்ற ஊர்களில் வேமோ டாக்சிகள் ஓட்டுநரே இல்லாமல் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. தில்லி மெட்ரோவில் 2020-லிருந்து ஓட்டுநர் இல்லாத ரயில் உண்டு. ரயிலுக்குத் தண்டவாளம் இருக்கிறது, குறுக்கே ஆடு வராது.

அண்ணன் மகன் போன வருஷம் வாங்கிய காரில் இந்த வித்தையில் கொஞ்சம் இருக்கிறது. தானாக ஓட்டும் திறனை உலகம் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை படியாகப் பிரித்திருக்கிறது. நம் ஊரில் விற்கும் கார்களில் இருப்பது இரண்டாம் படி. கார் தானாகக் கோட்டைப் பிடித்துப் போகும், முன்னால் வண்டி வந்தால் பிரேக் போடும். ஆனாலும் பொறுப்பு ஸ்டியரிங் பிடித்தவருடையது. திண்டிவனம் நாற்கரச் சாலையில் அது சமர்த்தாக ஓடியது, நானே வியந்துபோனேன். ஊருக்குள் நுழைந்ததும் பிடிப்பதற்குக் கோட்டைக் காணோம். பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு பூக்கூடைக்காரி குறுக்கே வர, ஒரு பைக் எதிர்த் திசையில் வர, கார் பீப் பீப் என்று அலற ஆரம்பித்தது. “நம்ம ஊருக்கு இது டென்ஷன் சித்தப்பா” என்று அவன் அணைத்துவிட்டான்.

இது சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத கதை ஒன்று உண்டு. 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பே என்ற ஊரில், ஊபர் சோதனை செய்துகொண்டிருந்த தானியங்கிக் கார் சாலையைக் கடந்த ஒரு பெண்ணை இடித்ததில் அவர் இறந்துபோனார். தானியங்கிக் கார் மோதி உயிரிழந்த முதல் பாதசாரி அவர். அவர் அப்போது தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே கார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் இன்னதென்று அதற்குப் புரியவில்லை. ஒருமுறை வாகனம் என்றது, ஒருமுறை வேறு ஏதோ என்றது, ஒருமுறை சைக்கிள் என்றது. ஒவ்வொரு முறை பெயர் மாற்றும்போதும் அவர் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார் என்பதை மறந்து புதிதாக ஆரம்பித்தது. கடக்கும் கோடு இல்லாத இடத்தில் ஆள் கடப்பார் என்பதே அதன் கணக்கில் இல்லை. இருக்கையில் கண்காணிப்புக்கு உட்கார்ந்திருந்தவர் செல்போனில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அந்த இயந்திரங்கள் எவ்வளவோ தேறிவிட்டன, மறுக்கவில்லை. ஆனால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் ஒரு பெண்ணைப் பார்த்து, இது என்ன என்று குழம்பியது அந்தக் கார் மட்டும்தானா? உங்கள் கணக்குத் தாளில் அவருக்கு என்ன மதிப்பெண் போடுவீர்கள்? பாதசாரியா, 0.5-ஆ?

அந்தக் கார் நாளைக்கே இங்கு வந்தாலும் நெரிசல் குறையாது. ஒரே ஒருவர் போகும் கார், அவர் ஓட்டினாலும் கம்ப்யூட்டர் ஓட்டினாலும் அதே நீள அகலம்தான். மிஷன் வீதியில் நிறுத்த இடம் இல்லையென்றால் முதலாளியை இறக்கிவிட்டு ஆளே இல்லாமல் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஓட்டுவது யார் என்ற கேள்வியும் இந்த ஊருக்குப் புதிதில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் ‘பூஸ்-பூஸ்’ என்று ஒரு வண்டி இங்கே ஓடியது. உள்ளே உட்கார்ந்த துரை முன்சக்கரத்தைத் திருப்பும் கம்பியைப் பிடித்துக்கொள்வார், பின்னாலிருந்து ஒரு தமிழர் தள்ளுவார். பழைய தபால் அட்டைகளில் படம் இருக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, ஓட்டுநர்களின் பிழைப்புப் போய்விடும் என்பதால் ஓட்டுநர் இல்லாத கார்களை இந்தியாவில் விட மாட்டேன் என்று 2017-லும் சொன்னார், 2023-லும் சொன்னார். என்னைத் தட்டிவிட்ட டெம்போக்காரர் உட்பட நம் ஊர் ஓட்டுநர்களுக்கு அது ஆறுதல். ஆனால் 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 விழுக்காடு இருசக்கர வண்டிக்காரர்கள், 19.5 விழுக்காடு நடந்து போனவர்கள். இரண்டும் சேர்ந்தால் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. காருக்குள் இருப்பவரைக் காப்பாற்றும் தொழில்நுட்பத்துக்காக, காருக்கு வெளியே இருப்பவர்களைப் பதினைந்து வருஷம் காத்திருக்கச் சொல்வது எனக்கு விளங்கவில்லை.

என் சகலை மகள் பாரிசில் இருக்கிறாள். இந்த ஊரில் அப்படி ஒரு சொந்தம் இல்லாத வீடு குறைவு. 2020-ல் கொரோனா சமயத்தில் அங்கே மெட்ரோவில் ஏற ஜனங்கள் பயந்தபோது, மாநகராட்சி ராவோடு ராவாக மஞ்சள் கோடு போட்டு, தடுப்பு வைத்துச் சைக்கிளுக்குத் தடம் ஒதுக்கியது. ரிவோலி வீதி என்று நடு நகரத்தில் பேர்போன ஒரு வீதி, அதில் பெரும்பகுதியைச் சைக்கிளுக்கே கொடுத்துவிட்டார்கள். தற்காலிகம் என்றுதான் ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது. அவள் இங்கே இருந்தவரை சைக்கிளைத் தொட்டதில்லை. இப்போது குழந்தையை முன்னால் பெட்டியில் வைத்து ஓட்டுகிறாள். போன தடவை வந்தபோது என் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் தெருமுனை வரை போய்விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டே திரும்பினாள். அதே பெண், அதே மனசு.

நான் கேட்பது பெரிய திட்டமில்லை. பெரிய வாய்க்காலின் இரு கரையிலும் அம்பூர் சாலை, செஞ்சி சாலை என்று இரண்டு ஓடுகின்றன. அதில் ஒன்றைப் பள்ளி நாட்களில் காலை 7.30 முதல் 9.30 வரை சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் விடுங்கள். கடற்கரைச் சாலையில் போடும் அதே இரும்புத் தடுப்பு போதும். மூன்று மாதம் பாருங்கள். கடலூர் சாலையில் முருங்கப்பாக்கத்திலிருந்து ரயில்வே கேட் வரை ஓரத்தில் ஒரு மீட்டர் அகலம், சும்மா கோடாக இல்லாமல் லாரி ஏற முடியாதபடி தடுப்போடு. கோடு மட்டும் போட்டால் அது பைக் நிறுத்தும் இடமாகிவிடும், நமக்குள் மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

அப்புறம், பஸ் ஸ்டாண்டில் ஒரு சைக்கிள் ஸ்டாண்ட். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நேராக ரயில் கிடையாது, விழுப்புரம் சுற்றித்தான் வர வேண்டும். தினமும் வேலைக்கு வருகிறவர்களுக்குப் பஸ்தான் கதி. அப்பா கடைக்குப் பக்கத்து ஸ்டாண்டில் காலையில் சைக்கிளைப் போட்டுவிட்டுப் புதுச்சேரி பஸ் ஏறியவர்கள் எத்தனையோ பேர். பஸ்ஸின் பின்னால் ஏணி இருக்கும், கூரையில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. இன்றைக்கு ஸ்டாண்டுகளில் பைக்குக்கு டோக்கன் கொடுக்கிறார்கள், சைக்கிளைக் கொண்டுபோனால் ‘எங்கேயாவது சாத்திட்டுப் போங்க’ என்கிறார்கள். கூரை, ஒரு சங்கிலி, ஒரு டோக்கன். வேறு ஒன்றும் வேண்டாம்.

இதற்கெல்லாம் ஆய்வு வேண்டும் என்பீர்கள், புரிகிறது. ஆய்வை நாளைக்கே ஆரம்பிக்கலாம். காலை 8.10-க்கு நான் மரப்பாலம் சிக்னலில் இருப்பேன். கறுப்புச் சைக்கிள், ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை. உங்களில் ஒருவர் வந்தால் சிக்னல் டீக்கடையில் ஒரு டீயைச் சொல்லிவிட்டு இருவரும் நின்று எண்ணலாம். தாளில் ‘எத்தனை பேர்’ என்று ஒரு கட்டம் மட்டும் கூடுதலாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். பேனா என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
முருங்கப்பாக்கத்துச் சைக்கிள்காரன்